மில்லி, மைக்ரோ, ங்க

நூற்று நாற்பது கிணற்றுத் தண்ணீரின் கணக்கை
பூட்டுப் போடாமல் வைத்தேன்.
யாரும் எடுக்கலாம், கூட்டலாம், கழிக்கலாம்,
என் பெயரைச் சொன்னால் போதும்.
பெருந்துறையிலிருந்து கொடுமுடி வரை
ஸ்கூட்டரில் பாட்டில்கள் குலுங்க
பதினோரு மாதம் அலைந்த கணக்கு.

நான்காம் நாள் சென்னியப்பன் எழுதினார்,
காங்கேயத்துக்காரர், முகம் பார்த்ததில்லை:
"ஒன்பது, பதினேழு, ஐம்பத்தெட்டு.
மூன்றிலும் குரோமியம்
மைக்ரோவில் இருக்க வேண்டியது மில்லியில் இருக்கிறது.
ஆயிரம் மடங்கு பொய்.
இது திறந்த அறிவியலா, திறந்த சாக்கடையா?"

சாக்கடையை மட்டும் படித்தேன்.
எண்களைப் படிக்க ராத்திரி பத்து மணி ஆயிற்று.
அதற்குள் என் பக்கம் ஆள் சேர்ந்துவிட்டது.
"சாயப்பட்டறைக்காரன் எவ்வளவு கொடுத்தான்?"
என்று ஒருவர் அவரைக் கேட்டிருந்தார்.
அவர் பக்கமும் வந்தார்கள்:
"பொம்பளை போட்ட கணக்கு."
அதை அவர் கண்டித்தாரா என்று தேடினேன்.
கண்டித்திருந்தார், ஒரே வரியில்.
அந்த வரியருகே யாரும் நிற்கவில்லை.
சாயப்பட்டறைக் கேள்வியை நான் கண்டிக்கவில்லை.
அது எனக்குப் பிடிக்கவில்லை என்றும்
சொல்ல முடியாது.

என் அறிக்கையில் ஆறு இடத்தில் "இருக்கலாம்".
எடுத்துக் கொடுத்தவர்கள்
கடலைக்காய் உரிக்கிற மாதிரி
ஆறையும் உரித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.
தோலில்தானே மண் ஒட்டியிருந்தது,
எந்தக் காட்டு மண் என்று அதில்தானே தெரியும்.

நோட்டைப் புரட்டினேன்.
ஒன்பதில் என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை.

போன் போட்டேன்.
"ஏனுங்க, சென்னியப்பனுங்களா?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம்.
"ஆமாங்க. சொல்லுங்க."

எழுத்தில் இத்தனை நாளும் எங்கே போயிருந்தது
இந்த ங்க?
கடன் வாங்கி ஒளிந்தவனைக்கூட
"எப்பங்க தருவீங்க" என்றுதானே கேட்கிறோம்,
பல்லைக் கடித்துக்கொண்டு.
ஈரோட்டு பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்
"கண்ணு தெரியாதுங்களா."
ங்க போட்டால் கோபம் குறைவதில்லை.
கோபத்துக்கு உட்கார
ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

"பிழைன்னு எழுதியிருக்கலாமுங்க,
பொய்யின்னு எதுக்குங்க?"
"பிழைன்னா ஒருத்தரும்
திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேனுங்க."
அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.
அதுதான் தொந்தரவு.

ஞாயிற்றுக்கிழமை சென்னிமலைக்குத் தெற்கே
இரண்டு வண்டியில் போனோம்.
குழாயில் மருந்தை விட்டால் குரோமியம் ஊதாவாகும்.
ஒன்பதில் ஊதா இருக்கிறதா இல்லையா என்று
வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.
ஐம்பத்தெட்டிலும் அப்படித்தான்.
"நீங்க சொன்னதுதானுங்க" என்றேன்,
எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை.

பதினேழில்
கத்தரிப்பூ நிறம்.
சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
என் மில்லி அங்கே மில்லியேதான்.
ஜெயித்த மாதிரி இல்லை.
கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்,
தண்ணீர் தெளிவாக இருந்தது.

காட்டுக்காரம்மா மயிலாத்தாள்
எருமையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
"மாட்டுக்குக் காட்டலாமுங்களா?"

"வேண்டாமுங்க" என்றார் அவர்.
"இன்னொரு தடவ பாக்கணுமுங்க" என்றேன் நான்,
ரெண்டும் ஒரே மூச்சில்.
இடம் மாறி நிற்கிறோம் என்று
இரண்டு பேருக்கும் உறைத்தது.
நான் சந்தேகத்தின் பக்கம், அவர் தீர்ப்பின் பக்கம்.
ஒரே குழாய், ஒரே ஊதா.

யார் சரி என்று பேச ஆரம்பித்திருப்போம்.
மயிலாத்தாள் கை தளர்ந்ததில்
எருமை தொட்டியில் வாயை வைத்துவிட்டது.

சென்னியப்பன்தான் முதலில் ஓடினார்.
செருப்பு ஒன்று வாய்க்காலில் போக,
கயிற்றின் ஒரு நுனியை என் பக்கம் வீசி,
அந்த அவசரத்திலும்
"புடிங்க" என்றுதான் கத்தினார்.